காரின் பின்னால் வந்த கடல்

பயணத்தின் முதல் நாள் காலையிலேயே, குழாய்ப் பரிசோதகரின் மனைவி உட்கார்ந்திருந்த பாறை, தன்னைச் சுற்றியிருந்த கடலையும் கூட்டிக்கொண்டு அவருடைய காருக்குப் பின்னால் வரத் தொடங்கியது. பெரிய கடல் ஒன்றுமில்லை, ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும். ஆனால் அலை, நுரை, உப்பு, மீன் என்று ஒரு கடலுக்கு இருக்க வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. நடுவில் தட்டையான கறுத்த பாறை. பாறைமேல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டு, ஆரஞ்சு உரித்தபடி அவள். கார் வேகமெடுத்தால் கடலும் வேகமெடுத்தது, கார் சிக்னலில் நின்றால் கடலும் நின்றது. முந்தப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தச் சாலையில் ஒழுங்காக ஓடிய வண்டி அது ஒன்றுதான் என்று பின்னால் வந்த லாரிக்காரர் வழியில் டீ குடித்த இடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி நடந்ததற்குப் பரிசோதகரின் பழக்கம் ஒன்றைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். முதலில் கிடைக்கும் எதையும் அவர் எடுக்க மாட்டார். கடையில் சோப்பு வாங்கினால் முன்னால் அடுக்கியிருப்பதை விட்டுவிட்டுக் கையை உள்ளே நுழைத்துப் பின்வரிசையிலிருந்து உருவுவார். தக்காளியைக் கூடையின் அடியிலிருந்து எடுப்பார். நாளிதழைக் கட்டின் நடுவிலிருந்து இழுப்பார், செய்தி அங்கே வேறாக இருக்கும் என்பதுபோல. முதலில் வரும் பஸ்ஸில் ஏற மாட்டார், பின்னாலேயே காலியாக ஒன்று வரும் என்பார், வராது. தொழிற்சாலையில் இந்தக் குணத்துக்குத்தான் சம்பளமே. குழாயைத் திறந்து மூடி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒரு குறையைக் கண்டுபிடித்து ஒதுக்கித் தள்ள வேண்டும். குறையே இல்லாத குழாய் வந்தால் அதை இன்னொரு தடவை பார்ப்பார். குறையில்லாமல் இருப்பதே அவருக்குச் சந்தேகம். நல்லதாக ஒரு குழாயை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சலுகை கொடுத்திருந்தது. எதை எடுப்பது என்று முடிவாகாததால் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் கல்யாணமான நாளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அதற்கு நேர்மாறு. மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். டாக்டரின் கிறுக்கலை ஒரு பார்வை பார்த்தால் போதும், கை நேராக எந்தத் தட்டுக்குப் போக வேண்டுமோ அங்கே போய்விடும். இருமல் மருந்து வாங்க வந்த பரிசோதகருக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துப்போனது. உடனே பிடித்துப்போனதாலேயே சந்தேகமும் வந்துவிட்டது. அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியும் விட்டாள். இவர்தான், "கொஞ்சம் பார்த்துட்டு சொல்றேனே" என்று மருந்தை வாங்கிக்கொண்டு போனார். பார்த்தார். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், ஒன்றுவிட்ட சொந்தம், நண்பனின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று ஒருவரையும் விடாமல் பார்த்தார். இரண்டு மழைக்காலம் போன பிறகு அதே இருமலோடு அதே கடைக்கு வந்து, "எல்லா இடத்திலயும் பார்த்து முடிச்சுட்டேன். உன்னை மாதிரி யாரும் இல்ல" என்றார். தன் வாழ்நாளில் அவர் யாருக்கும் கொடுத்த மிக உயர்ந்த சான்று அது. அவள் மருந்தை எடுத்து வைத்தாள், சரி என்றாள், கல்யாணமும் செய்துகொண்டாள். ஆனால் அந்த வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நீங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் அலமாரியிலேயே இருந்தேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால், தான் சொன்னது பாராட்டாகவே போய்ச் சேர்ந்தது என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

கடற்கரைக்கு ஒரு வாரம் போய்வரலாம் என்று பேச்சை எடுத்தவள் அவர்களுடைய ஒரே மகள். அப்போது அவள் பள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தாள், வாய் மட்டும் கல்லூரியை முடித்திருந்தது. மனைவிக்குத் தண்ணீர் ஓரத்தில் எங்கேயாவது சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பரிசோதகரின் காதிலோ கடற்கரை என்பது தூண்டில் என்றுதான் விழுந்தது. கிளம்புவதற்குப் பல மாதம் முன்பிருந்தே, கரையில் நின்று மீன் பிடிக்க நல்ல இடம் கண்டுபிடிப்பது எப்படி என்று காணொளி காணொளியாகப் பார்த்துத் தள்ளினார். சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தால் அங்கே ஆழம். இரண்டு நீரோட்டம் சேருகிற இடத்தில் நுரை கோடு போட்ட மாதிரி நிற்கும், அதன் ஓரத்தில் மீன் இரைக்குக் காத்திருக்கும். பறவை இறங்கினால் கீழே பொடிமீன் இருக்கிறது, பொடிமீன் இருந்தால் அதைத் தின்னப் பெரிய மீன் வரும். பாறை இடுக்கு, ஏறுகிற அலை, சாய்ந்த வெயில். இத்தனையும் ஒரே இடத்தில் அமையாது, அமைந்தால் அதுதான் இடம் என்று பாடத்தை முடிப்பார். அவர் தூண்டில் கம்பு வாங்கின கதையைச் சொல்லப்போனால் இந்தக் கதை நின்றுவிடும். இவர் தலை தெருமுனையில் தெரிந்தால் அந்தக் கடைக்காரர் இன்றும் ஷட்டரை இறக்கிவிடுகிறார்.

முதல் நாள், கடல் கண்ணில் பட்ட கொஞ்ச நேரத்திலேயே மகளுக்குக் குமட்டியது. காரை ஓரம் கட்டினார்கள். சாலையிலிருந்து நாலு எட்டு இறங்கினால் தட்டையான ஒரு பாறை. அதைச் சுற்றிக் கரும்பச்சைத் தண்ணீர். சற்றுத் தள்ளி நுரை கோடு போட்டு நின்றது. பறவைகள் ஒன்று மாற்றி ஒன்று இறங்கின. அலை ஏறிக்கொண்டிருந்தது, வெயில்கூடச் சாய்வாகத்தான் விழுந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கப் பரிசோதகரின் முகம் சுண்டிப்போனது. இவ்வளவு நல்ல இடம், சாலை ஓரத்தில், அதுவும் முதலிலேயே, அதுவும் ஈ காக்கை இல்லாமல். ஏதோ இருக்கிறது. அதற்குள் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இங்கேயே போடுங்களேன். நீங்க சொன்னது எல்லாமே இருக்கே."

"இது முதல் இடம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

"நாலு இடம் பார்ப்போம். ஒண்ணும் சரியில்லைன்னா திரும்பி இங்கேயே வந்துடலாம்."

திரும்பி வந்துவிடலாம் என்றதும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் எழுந்திரிக்கறதா இல்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்கிற அதே குரல்தான். காரைக் கிளப்பினால் தானாக வந்துவிடுவாள் என்று பரிசோதகர் காரைக் கிளப்பினார். வளைவு திரும்பியதும் மகள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா பின்னாடியே வராங்க" என்றாள்.

"பார்த்தியா, நான் சொல்லல? ஓடி வராளா, நடந்து வராளா?"

"உட்கார்ந்துகிட்டே வராங்க."

முதல் நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டிக் கடலை நிறுத்தினார். எண் பலகை இல்லை. சக்கரமும் இல்லை. சக்கரம் இல்லாததை வண்டி என்று சொல்ல முடியாது, வண்டியில்லாமல் சாலையில் போவது யாராக இருந்தாலும் பாதசாரி என்று அவர் தலையைச் சொறிந்து ஒரு முடிவுக்கு வந்தார். பாதசாரி நடைபாதையில்தான் போக வேண்டும் என்று கண்டித்து அனுப்பினார். அன்றிலிருந்து கடல் நடைபாதையில் போனது. ஓரக் கடைக்காரர்கள் பொருளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்தத் தொந்தரவு முன்பே பழக்கம், இதுவரை அதைச் செய்தது நகராட்சி.

அந்த வாரம் முழுக்கப் பரிசோதகர் கரையை அளந்தார். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், பழைய படகுத்துறை, கல் கொட்டிய அணைக்கரை, சிப்பி அப்பிய பாலத்தூண் என்று ஒன்றையும் விடவில்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆள் இல்லாததே குறை, மீன் இருந்தால் ஆள் இருக்க மாட்டார்களா? ஆள் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பதே குறை, இத்தனை பேர் பிடித்த பிறகு மீன் மிச்சம் இருக்குமா? எங்கேயும் இரண்டு தடவைக்குமேல் தூண்டிலை வீசவில்லை. அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்திலோ வண்டி நிறுத்தும் மைதானத்திலோ, மனைவியின் கடல் வந்து நின்றுகொள்ளும். ஷாம்பு பாட்டிலில் தூண்டில் நரம்பைச் சுற்றி, முள்ளில் இறால் துண்டு ஒன்றைக் குத்தி, அவள் பாட்டுக்கு மடவை மீனும் கொடுவா மீனுமாக இழுத்துப் போட்டாள். பல வருடம் முகத்துவாரத்திலேயே நின்று தேய்ந்த தூண்டில்காரர்கள்கூட முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், பிறகு பெரிய கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இந்தச் சின்னக் கடலின் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டார்கள். பரிசோதகர் மட்டும் வீம்பாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அப்பா, அம்மாவுக்கு ஏழாவது" என்று கிரிக்கெட் வர்ணனைபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் தங்கிய விடுதி கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சிமெண்டுக் கிடங்கைப் பார்த்தபடி இருந்தது. வாசல் பலகையில் மட்டும் கடல் பார்த்த அறைகள் என்று திறந்த நாளிலிருந்து எழுதியிருந்தது. பாறை முற்றத்தில் வந்து நின்றதும் பலகை உண்மையாகிவிட்டது. விடுதிக்காரர் அதற்காக ஆச்சரியப்படவில்லை. நான்தான் அப்போதே எழுதிவைத்தேனே என்றார்.

ஊருக்குத் திரும்பியபோது முன்சீட்டு காலியாக இருந்தது. பரிசோதகர் அதில் இரைப்பெட்டியை வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அதை எடுத்துப் பின்னால் வைத்தார். அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருப்பதைவிடக் காலியாக இருப்பதே தேவலை என்று பட்டது. கண்ணாடியில் பார்த்தால், நெடுஞ்சாலையின் ஓரத்தில், வெயிலில் கண் கூச, அவள் வந்துகொண்டிருந்தாள்.

கடலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த அவர்கள் சந்துக்குள் பாறை நுழைந்து, எதிர்வீட்டு மதிலுக்கும் மின்மாற்றிக்கும் நடுவில் வசதியாக இடம் பிடித்துக்கொண்டது. சந்துக்காரர்கள் மனு எழுதினார்கள். உப்புத் தண்ணீர் தங்கள் பொறுப்பில் வராது என்று குடிநீர் வாரியம் கைவிரித்தது. கப்பல் வந்து நிற்க முடியாத தண்ணீரைக் கடல் என்று ஒப்புக்கொள்ள விதியில்லை என்று துறைமுக அலுவலகம் எழுதியது. மீன்வளத்துறையிலிருந்து வந்தவர், படகு இல்லாததால் இங்கே மீனவர் இல்லை, மீனவர் இல்லாததால் பிடிபடுவது மீனா என்று சோதிக்க வேண்டும் என்று ஒரு கொடுவாவை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஒரு சோதனையில் தெளிவாகவில்லை என்று மறுவாரமும் வந்தார். இப்படி இழுத்துக்கொண்டு போனதில் சந்துக்காரர்களுக்கே மனு மறந்துவிட்டது. அலை ஏறுகிற நேரம் தெரிந்துவிட்டதால் அதற்குமுன் ஸ்கூட்டர்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். கதவுக் கீல் துருப்பிடித்தது, அதற்கு எண்ணெய் விட்டார்கள். மனைவியின் தம்பிக்கு வீட்டுத் தரகு வேலை. அவர் அந்தச் சந்தில் காலியான வீட்டுக்கெல்லாம் கடலோர வீடு என்று விளம்பரம் கொடுத்தார், பொய் சொல்லாமல் தொழில் செய்வது எவ்வளவு சுகம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. மனைவி சமைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள், மருந்துக்கடைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பியதும் கைப்பையை உள்ளே வைத்துவிட்டுப் பாறைக்குப் போய்விடுவாள். பரிசோதகரின் காரில் மட்டும் ஏறவில்லை. முதல் மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு நாள் வந்து இங்க என் பக்கத்துல உட்கார்ந்து தூண்டில் போடுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும். இனிமே நானா கூப்பிட மாட்டேன்." வாசலிலிருந்து பாறைக்குப் போக ஒரு குழந்தைக்குக்கூட நேரமாகாது. பரிசோதகருக்கு வருடங்கள் ஆயின. தினமும் தட்டில் விழுந்த மீனைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, முள் கொஞ்சம் அதிகம் என்பார். அவருடைய மனசு அவளைத் தேடியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாய் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு, அவளைத் தேடியது. ஆனாலும் அந்த இடத்தில் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் வேண்டும், அது தெரியாமல் போய் உட்காருவது எப்படி?

அதனால் வேறு இடங்களைத் தேடிப் போனார். ஒவ்வொரு விடுமுறைக்கும் கார் கரைக்குப் போனது. முதலில் மகளும் கூடப் போனாள், வளர்ந்த பிறகு அவளும் நின்றுவிட்டாள். அவர் போய்வந்து சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு, இதைச் சும்மா விடக்கூடாது என்று மைத்துனருக்கு மூக்கில் வேர்த்தது. போனில் படம் பிடித்துக் காணொளியாகப் போட்டார். "இடமா அது?" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு கரை. பரிசோதகர் தண்ணீரைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பாறையை விரலால் தட்டிப் பார்ப்பார், பிறகு அந்த இடத்தில் ஏன் மீன் பிடிக்கக்கூடாது என்று விளக்குவார். நாடே பார்த்தது. கரைத் தூண்டிலில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று பேரானது. அவர் ஒரு மீனைக்கூடப் பிடித்துக் காட்டியதில்லை என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் அவருடைய தரம் என்றார்கள். உங்களால் மீன் பிடிப்பதையே விட்டுவிட்டேன், நன்றி என்று பலர் எழுதினார்கள். முகத்துவாரங்கள் வெறிச்சோடின. மீன்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்குச் சிலை வைத்திருக்கும்.

கடைசியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. எல்லாக் கரைக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனை. படகில்தான் போக முடியும். அங்கே தூண்டிலை வீச வேண்டியதில்லை, காட்டினால் போதும் என்று சொல்லிக்கொண்டார்கள். தூண்டில்காரர் சங்கமே படகு ஏற்பாடு செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டது. அதற்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நிகழ்ச்சி நடந்தது. மைத்துனர் கேள்விகளைப் படித்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மனைவி பாறைமேல், கையில் நரம்பைப் பிடித்தபடி இருந்தாள்.

"மாமா, ஒருத்தர் கேக்கறாரு. உங்க தெருவுலயே ஒரு கடல் இருக்காமே, அது எப்படின்னு."

"அதை இன்னும் பார்க்கல. மத்த எல்லா இடத்தையும் பார்த்து முடிச்சுட்டு, கடைசியா வந்து பார்த்துக்கலாம்னு இருக்கேன். அது எங்க போகப்போகுது?"

ஜன்னலுக்கு வெளியே நரம்பைச் சுற்றி வைக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அன்று மீன் சமைக்கவில்லை, பருப்பும் சோறும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரிசோதகர் முனைக்குப் போகத் தூண்டில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு ஊரில் வேலையாயிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், பல் தேய்த்தபடியே வாசலிலிருந்து உள்ளே வந்தாள்.

"அப்பா, அம்மா கிளம்பிட்டாங்க."

"ஞாயித்துக்கிழமை ஏது கடை?"

"கடைக்கு இல்லப்பா. கடலோட."

ஓடிப்போய்ப் பார்த்தார். மின்மாற்றிக்குப் பக்கத்தில் ஈர மணலும், சில சிப்பியும், ஒரு ஆரஞ்சுத் தோலும் கிடந்தன. ஸ்கூட்டர்காரர்கள் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். பரிசோதகர் ஈர மணலில் போய் நின்றார். எங்கே போகப்போகிறது என்று தான் சொன்னது தன் காதிலேயே திரும்ப வந்து விழுந்தது. அதோடு, இருமல் மருந்துக் கடையில் என்றைக்கோ தான் சொன்னதும் சேர்ந்து விழுந்தது. இரண்டும் ஒரே வார்த்தைதான் என்று அவருக்கு இத்தனை வருடத்தில் இப்போதுதான் உறைத்தது. முதல்முறையாகத் தன்னையே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், குறை நன்றாகத் தெரிந்தது.

காரை எடுத்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் கடலைக் கண்டுபிடித்தார். அது அவசரப்படாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், முடியில் ஒன்றிரண்டு நரை. இது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாரன் அடிக்கப் போனார், அடிக்கவில்லை. அன்றைக்குப் பின்னால் வந்தது அது, இப்போது பின்னால் போவது தான் என்று, முந்தாமல், இடைவெளி விட்டு ஓட்டினார். நாற்சந்தியில் சிக்னல் விழுந்தது. இடப்பக்கம் திரும்பினால் படகுத்துறை, அங்கிருந்து முனை. கடல் நேராகப் போகக் காத்திருந்தது. பழக்கத்தில் பரிசோதகரின் கை இடப்பக்கத்து விளக்கைப் போட்டுவிட்டது. போன் அடித்தது.

"மாமா, படகு ரெடி. சங்கத் தலைவர் மாலையோட நிக்கறாரு. எங்க இருக்கீங்க?"

"நீ போய்ட்டு வா."

"நானா? எனக்கு என்ன தெரியும் மாமா?"

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்று போனை வைத்தார். விளக்கை அணைத்தார். பழைய காவலர்தான் அன்றும் நின்றுகொண்டிருந்தார், இப்போது தொப்பை போட்டிருந்தது. கடலைப் பார்த்ததும், நடைபாதையில் போகிறதா என்று குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டி இரண்டையும் அனுப்பினார்.

கரையில், பாறை கிளம்பிய இடத்தில், இத்தனை வருடமும் பல் விழுந்த இடம்போல ஒரு குழி இருந்தது. சாலைத்துறை அதைச் சுற்றிக் கயிறு கட்டி, தற்காலிகமாக இங்கு கடல் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பலகை வைத்திருந்தது. கடல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்ப் பழைய இடத்தில் பொருந்திக்கொண்டது. பரிசோதகர் காரை நிறுத்திவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு நாலு எட்டு இறங்கினார். கண் தானாகவே வேலையை ஆரம்பித்தது. கரும்பச்சைத் தண்ணீர். நுரைக் கோடு. பறவைகள். ஏறுகிற அலை. சாய்ந்த வெயில். முதல் நாள் எப்படியோ அப்படியே எல்லாம் இருந்தது, சந்தேகமும் அப்படியே வந்து பக்கத்தில் நின்றது. அதை நின்றபடியே விட்டுவிட்டு, "கொஞ்சம் நகர்ந்துக்கறியா?" என்றார்.

அவள் நகர்ந்தாள். செருப்பைக் கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரையைக் குத்தித் தூண்டிலை வீசினார். ஒன்றும் கடிக்கவில்லை. மறுபடி வீசினார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவையாக ஒரே இடத்தில் வீசியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எல்லாத்தையும் பார்த்து முடிச்சாச்சா?" என்று தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் இன்னொரு தடவை மருந்துக்கடை வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. நல்லவேளையாக, சொல்ல உண்மையே கையில் இருந்தது.

"இல்ல. முனை ஒண்ணு பாக்கி."

"ரொம்ப நல்ல இடம்னு சொல்றாங்களே."

"இருக்கும்."

"அப்புறம்?"

"பாக்கி இருக்கட்டும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த ஆரஞ்சிலிருந்து ஒரு சுளையைப் பிய்த்து நீட்டினாள். பரிசோதகர் அதைத் திருப்பிப் பார்க்காமல், வெளிச்சத்தில் பிடிக்காமல், வாயில் போட்டுக்கொண்டார். புளித்தது. சொல்லவில்லை. இத்தனை வருடம் தொண்டையில் முள்ளாக நின்ற அந்த வார்த்தை இறங்கியதில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆரஞ்சுத் தோல் தெறித்துவிட்டது என்று துடைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பாறை வீட்டுக்குத் திரும்பத் தொடங்கியது. எழுந்து காரில் போகலாமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கால் நனைந்தபடி அப்படியே உட்கார்ந்து போனார்கள். கயிறும் பலகையும் இருந்த இடத்திலேயே இருந்தன, பலகை மறுபடி உண்மையானது. வழியில் ஓரிடத்தில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. கீழே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளியது. பரிசோதகர் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, தன் நரம்பு இறங்கியிருந்த இடத்தையே கவனித்தார்.

நாற்சந்தி சிக்னலில் நின்றபோது அந்த நரம்பு வெட்டி இழுத்தது. இழுப்பதா விடுவதா என்று அவருக்கு எந்தக் காணொளியும் நினைவுக்கு வரவில்லை. விளக்கு பச்சையானதும் காவலர் கையைத் தூக்கி நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்தார். வெளியே வந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மடவை. பரிசோதகர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "நல்ல மீன்" என்றார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால், ஓட்ட ஆளில்லாமல், முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, சரியான இடைவெளி விட்டு, அவருடைய கார் நின்றுகொண்டிருந்தது.